மோசமான நாளை எழுதுங்கள்

மார்ச் 6

அன்பு மகள் குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் நீ கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கோம்" என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே தேய்ந்துபோய்விட்டது. நீயும் நம்புவதாகத் தெரியவில்லை. அதனால் கைப்பட எழுதுகிறேன்: நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கை இன்னும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கால் பரவாயில்லை, பிடித்துக்கொண்டால் இரண்டு எட்டு வைக்கிறாள். பேச்சுதான் மெதுவாக வருகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் பேசியே சம்பளம் வாங்கியவள். இப்போது அவளுடைய ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நான் டீ போட்டு இறக்கிவிடலாம். ஆனால் வருகிற வார்த்தை நறுக்கென்று வருகிறது. நேற்று நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு, வெகுநேரம் யோசித்து, "வெந்நீர்" என்றாள். புத்தியெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதே.

அம்மாவைக் குளிப்பாட்டி உடை மாற்ற ஒரு அம்மா காலையில் வந்துபோகிறார் என்று சொன்னேன் அல்லவா, அவர் ஒழுங்காக வருகிறார். நல்ல மாதிரி. அவரைப் பற்றி நீ துருவித் துருவிக் கேட்க ஒன்றும் இல்லை. நீ அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. என் பென்ஷன் இரண்டு வயிற்றுக்குப் போதும்.

மாப்பிள்ளை போன ஞாயிற்றுக்கிழமை போனில் வரியைப் பற்றிப் புலம்பித் தீர்த்தார். "கடைய காலைல தொறந்தா மத்தியானம் வரைக்கும் அரசாங்கத்துக்குத்தான் ஒழைக்கிறேன் மாமா. அதெல்லாம் சும்மா ஒக்காந்து சாப்பிடுறவங்களுக்குத்தான போவுது?" என்றார். நான் அவர் பக்கம்தான். உதவித்தொகை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கள ஆய்வாளராக வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். அரசாங்கப் பணம் எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்று எனக்குத் தெரியாதா? ஒரு ஆள் நான் உள்ளே போகும்போது இடது காலை நொண்டினார். நான் கிளம்பும்போது வலது காலை நொண்டிக்கொண்டு வழியனுப்பினார். சும்மாவா எனக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பேர் வைத்தார்கள்.

பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். இல்லப் பராமரிப்புத் திட்டமாம். உடம்பு முடியாதவர்களின் வீட்டுக்கு அரசாங்கமே உதவிக்கு ஆள் அனுப்புமாம். எனக்கே சொல்லித் தருகிறார் பார். அந்தத் திட்டத்தின் படிவத்தில் பாதிக் கேள்விகளை எழுதியவனே நான்தான். என் கை கால் திடமாக இருக்கிறவரைக்கும் அந்த வாசலில் போய் நிற்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன் கண்ணாடித் தொழிற்சாலையில் பதவி உயர்வுப் பேச்சு என்ன ஆயிற்று? நாள் முழுக்கப் பாட்டில்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற வேலை, கண்ணைப் பார்த்துக்கொள். பேரனுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அப்பா


ஏப்ரல் 19

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கே வரி. குழாய்க்காரரோடு பேசிவிட்டாய், எல்லாம் தெரிந்துவிட்டது, ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாய், அடுத்த மாதக் கடைசியில் இங்கே வந்துவிடுகிறாய். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமல் விட்டதுதான் சுடுகிறது.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் எந்த அம்மாவும் வரவில்லை. ஒருநாளும் வந்ததில்லை. ஆள் தேடினேன், கேட்ட சம்பளம் என் பென்ஷனில் முக்கால் பங்கு. நானே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன். குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, சமையல், துணி எல்லாம் நான்தான். அக்டோபரிலேயே முதுகு பிடித்துக்கொண்டது. மருந்துக் கடையில் ஒரு பெல்ட் வாங்கி, சட்டைக்குள் கட்டிக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி இருபதாம் தேதி காலை குளியலறையில் அவளைத் தூக்கும்போது என் முதுகு மடங்கிவிட்டது. இருவரும் சேர்ந்து விழுந்தோம். அவளுக்கு அடி ஒன்றும் இல்லை, என் மேல்தான் விழுந்தாள். ஆனால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஈரத் தரையில் இரண்டு மணி நேரம் கிடந்தோம். அம்மா தன் இடது கையால் தண்ணீர் மொள்ளும் மக்கை எடுத்துச் சுவரில் தட்டிக்கொண்டே இருந்தாள். எக்ஸ்சேஞ்சில் அவள் வேலையே மணி அடிப்பதுதானே, விடாமல் அடித்தாள். கடைசியில் குழாய்க்காரர் காதில் விழுந்து, ஜன்னல் கம்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "குழாயில ஏதோ காத்து அடைச்சிருக்குன்னு நெனச்சேன் சார்" என்றார்.

இது நடந்து இரண்டு வாரம் கழித்துத்தான் உனக்கு 'நன்றாக இருக்கிறோம்' என்று கைப்பட எழுதினேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே என் கையெழுத்தைப் பிடிக்கவில்லை.

இனி நடந்ததைக் கேள். எனக்குத் தெரியாமல் அம்மா அந்தத் துண்டுப் பிரசுரத்தைக் குழாய்க்காரரிடம் மறுபடி வாங்கி, அந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பழக்கமில்லாத இடது கையால், நான் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, தினம் அரைப் பக்கம் என்று ஒன்பது நாள் எழுதியிருக்கிறாள். தபாலில் போட்டது குழாய்க்காரர் மனைவி. மார்ச் கடைசியில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, நாளை காலை ஆய்வாளர் வருகிறார் என்று. எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை. அம்மா நன்றாகச் சாப்பிட்டாள்.

வந்தது ஒரு சின்னப் பெண். உன்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். கையில் அட்டை, அட்டையில் படிவம். நான் இஸ்திரி போட்ட சட்டை போட்டு, முகம் மழித்து, உள்ளே பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். உட்கார்ந்ததும் அந்தப் பெண், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா சார்?" என்று கேட்டாள்.

குட்டி, அந்தத் தண்ணீர் நான் கண்டுபிடித்த தந்திரம். தண்ணீர் கேட்டால் வீட்டுக்காரர் உள்ளே போவார், நாமும் பேச்சுக் கொடுத்தபடி பின்னாலேயே போகலாம். சமையலறையைப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் நிலைமை முழுக்கத் தெரிந்துவிடும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது, வழிவழியாக இந்தப் பெண் வரைக்கும் வந்திருக்கிறது. என்னிடமேவா என்று, முன்கூட்டியே கூடத்து மேஜையில் மூடி வைத்திருந்த தண்ணீரை எடுத்து நீட்டினேன். சமையலறையில் மூன்று நாள் பாத்திரம் கழுவாமல் கிடந்தது.

அப்புறம் பத்தாவது கேள்வி. 'விண்ணப்பதாரரைத் தூக்கி அமர்த்தக்கூடியவர் இல்லத்தில் உள்ளாரா?' நான் வாயைத் திறக்காமல் அம்மாவை நாற்காலியிலிருந்து தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தேன். முதுகுக்குள் யாரோ கத்தியைத் திருப்புகிற மாதிரி இருந்தது. நான் சிரித்துக்கொண்டே நின்றேன். "ஒண்ணும் செரமமில்லம்மா. இவ சும்மா பயந்துபோய் எழுதிட்டா" என்றேன். அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவள் முதல் வார்த்தையைத் தேடுவதற்குள் நான் அந்தப் பெண்ணை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. 'தங்கள் இல்லத்திலேயே போதிய ஆதரவு உள்ளது எனக் கண்டறியப்பட்டதால், மகிழ்ச்சியுடன் தெரிவிப்பது யாதெனில், தங்களுக்கு இத்திட்டம் தேவைப்படவில்லை.' அந்த வாக்கியத்தை எழுதியது யார் தெரியுமா? உன் அப்பாதான். முன்பெல்லாம் 'நிராகரிக்கப்பட்டது' என்று ஒற்றை வார்த்தைதான் போகும். படிக்கிறவர்கள் மனம் நோகக் கூடாது என்று நான் உட்கார்ந்து மரியாதையாக எழுதிக்கொடுத்தேன். மேலதிகாரி கைகுலுக்கிப் பாராட்டினார். அதை முதல் தடவையாக வாங்குகிற இடத்தில் இருந்து படித்தேன். அந்த 'மகிழ்ச்சியுடன்' என்ற சொல்லை என்னால் தாண்டவே முடியவில்லை.

அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பேச முடியாமல் இருப்பதற்கும் பேசாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்றாம் நாள் அவளைக் கட்டிலில் திருப்பிப் படுக்க வைக்கும்போது, தன் கையை என் சட்டைக்குள் விட்டு அந்த பெல்ட்டைத் தொட்டாள். தொட்டுக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னாள்: "நடிச்சது… போதுங்க."

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். அந்தக் கட்டடத்தில் எனக்குப் பக்கவாட்டுக் கதவுதான் பழக்கம். இந்த முறை முன்வாசல் வழியாகப் போய் டோக்கன் எடுத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அறுபத்தேழாம் எண். முப்பத்தொரு வருஷத்தில் அந்த பெஞ்சு எவ்வளவு தாழ்வானது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. முதுகு சரியில்லாதவன் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

பக்கத்தில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும், வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பூதக்கண்ணாடி சார்தான?" என்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "பெயிண்டர் சார். ஸ்டேஷனுக்குப் பின்னாடி தெரு. பதினாலு வருஷம் ஆச்சு" என்றார். அப்போதும் தெரியவில்லை. "வீட்டு முன்சுவரு பச்சையா, ஈரமா இருந்திச்சே" என்றதும் எல்லாம் ஞாபகம் வந்தது.

சாரத்திலிருந்து விழுந்து தோள் போய்விட்டது, வேலை செய்ய முடியவில்லை என்று விண்ணப்பித்திருந்தவர் அவர். நான் போனபோது முன்சுவர் முழுக்கப் புதுப் பெயிண்ட், காயக்கூட இல்லை. உள்ளே போய் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, 'விண்ணப்பதாரர் தற்போதும் தன் தொழிலைச் செய்துவருகிறார். கண்ணாரக் கண்டேன்' என்று எழுதிவிட்டு வந்தேன். அன்று மாலை அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரித்தோம்.

அவர் சொன்னார்: "ஆபீசர் வராருன்னு சொன்னாங்க. வீடு அசிங்கமா இருந்திச்சு. வர்றவங்க நம்மள என்ன நெனப்பாங்கன்னு, இடது கையால நாலு நாளா அடிச்சேன் சார். மேல எட்டல, எம் பொண்டாட்டி ஸ்டூல புடிச்சுக்கிட்டா." டோக்கன் பலகையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எந் தப்புதான். ஒரு வாரம் முன்னாடியே அடிச்சிருந்தா காஞ்சிருக்கும்ல."

என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். காதில் விழாத மாதிரி இருந்தார். இரண்டு வருஷம் அவர் மனைவி மூன்று அலுவலகங்களில் தரை துடைத்துக் குடும்பத்தை ஓட்டியிருக்கிறார். அப்புறம் அப்பீலில் உதவித்தொகை கிடைத்துவிட்டதாம். வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அதற்காக வந்திருந்தார்.

குட்டி, ஏமாற்றுகிறவர்கள் இல்லை என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். நொண்டுகிற காலை மாற்றியவரை நான் பார்த்தது நிஜம். ஆனால் நடிப்பு என்றால் இல்லாத வலியை இருப்பதாகக் காட்டுவதுதான் என்று நினைத்திருந்தேன். இருக்கிற வலியை இல்லை என்று காட்டுகிறவர்களைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் 'திடகாத்திரமானவர்' என்று எழுதிக்கொடுத்தவர்களில் எத்தனை பேர் அன்று காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றார்களோ.

அப்பீல் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். 'தங்களால் செய்ய இயலாதவற்றை விவரிக்கவும்' என்று ஒரு கட்டம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெயிண்டர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெக்கப்படாம எழுதுங்க சார். நல்ல நாள எழுதாதீங்க, மோசமான நாள எழுதுங்க. நல்ல நாளத் தள்ளிரலாம். மோசமான நாளைக்குத்தான் ஆளு வேணும்."

பிப்ரவரி இருபதாம் தேதியை எழுதினேன். கட்டம் போதவில்லை. பின்பக்கமும் எழுதினேன்.

இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. அதுவரை உன் ராஜினாமாவைக் கொஞ்சம் நிறுத்தி வை. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் பொய் சொன்னதற்கு நீ வேலையை இழக்கக் கூடாது.

உன் அப்பா


மே 22

அன்பு மகளுக்கு,

உன் மேலாளர் அந்த ராஜினாமாக் கடிதத்தை மேலே அனுப்பாமல் மேஜை இழுப்பறைக்குள்ளேயே வைத்திருப்பதாகவும், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லச் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். முடிவெடுப்பதற்கு முன்னால் இதைப் படி. இந்த முறை என் வார்த்தையை நம்ப வேண்டியதில்லை. படித்துவிட்டு நேராகக் குழாய்க்காரருக்குப் போன் போட்டுச் சரிபார்த்துக்கொள்.

ஏப்ரல் கடைசியில் அந்தச் சின்னப் பெண்ணே மறுபடி வந்தாள். நான் பழைய பனியனோடு கதவைத் திறந்தேன். பெல்ட் வெளியே தெரிந்தது. அவள் தண்ணீர் கேட்பதற்குள், "வாம்மா, சமையல்கட்டுலயே வந்து குடி" என்று அழைத்துக்கொண்டு போனேன். பாத்திரங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் எழுதவில்லை. பத்தாவது கேள்வி வந்தது. தூக்கிக் காட்ட முடியுமா என்று கேட்டாள்.

"முடியாது" என்றேன்.

இந்த வயதுவரை நான் எந்த அதிகாரியிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் தலை சுற்றுகிற மாதிரி இருந்தது, ஆனால் லேசாகவும் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா இடது கையால் தன் தொடையைத் தட்டினாள். ஒற்றைக் கையால் கைதட்டுகிறாளாம். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிளம்பும்போது, "போன தடவையே நீங்க மூச்சப் புடிச்சிக்கிட்டு நின்னது எனக்குத் தெரிஞ்சுது சார். ஆனா நீங்க முடியும்னு சொன்னா நான் முடியாதுன்னு எழுத முடியாதில்லையா?" என்று கேட்டாள். என் காலத்தில் அப்படிப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இல்லை. இவள் நன்றாக வருவாள்.

மே ஆறாம் தேதியிலிருந்து வாரத்தில் ஐந்து நாள், காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை, ஒரு அம்மா வருகிறார். நிஜமான அம்மா. நல்ல உயரம், நல்ல குரல். முன்பு பஸ் கண்டக்டர். ஆள் ஏறவில்லை, நஷ்டம் என்று அரசாங்கம் அவருடைய தடத்தை நிறுத்திவிட்டது. அதே அரசாங்கம் இந்த வேலைக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருக்கிறது. ஒரு பையில் எடுத்ததை இன்னொரு பையில் போட்டிருக்கிறார்கள் என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

அம்மா அவரைக் 'கண்டக்டர்' என்றுதான் கூப்பிடுகிறாள். ஒரே மூச்சில் அந்த வார்த்தை வந்துவிடுகிறது. அவர் அம்மாவை நடத்திக்கொண்டு போகும்போது, "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, படியில நிக்காதீங்க" என்பார். ஜன்னல் வந்ததும், "ஜன்னல் ஸ்டாப்பு, எறங்குறவங்க எறங்கலாம்" என்பார். அம்மா சிரித்துச் சிரித்துக் கால் தடுமாறும். தடுமாறினாலும் அவர் கை விடாது. முதல் நாள் கட்டிலிலிருந்து கதவு வரை போனாள். நேற்று தெரு ஜன்னல் வரை போய், ஏழு நிமிஷம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாள். நான் கடிகாரம் பார்த்தேன்.

எனக்கு முதல் வாரம் என்ன செய்வதென்றே தெரியவில்லை. கண்டக்டர் பின்னாலேயே சுற்றிக்கொண்டு, துண்டு இங்கே இருக்கிறது, சோப்பு அங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சார், வண்டியில ஒரு டிரைவர் போதும். நீங்க எங்கயாவது எறங்கிக்குங்க" என்றார். பத்து மாதத்துக்குப் பிறகு தனியாக ஒரு நடை போனேன். முடி வெட்டிக்கொண்டேன். முதுகு டாக்டரிடம் காட்டினேன். பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார், அறுவை சிகிச்சை எல்லாம் வேண்டாமாம்.

இன்னொன்று. மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லு, கேலியாக இல்லை, சும்மா சொல்லு. ஒருநாள் கண்டக்டரிடம் பேச்சுவாக்கில், எங்கள் மாப்பிள்ளை கட்டுகிற வரியில்தான் நீங்கள் வருகிறீர்கள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் விடுவாரா? "என் சம்பளத்துலயும் வரி புடிக்கிறாங்க சார். அப்ப எனக்கு நானே கொஞ்சம் சம்பளம் குடுத்துக்கிறேன். அந்தப் பங்குக்கு எங்கிட்ட நானே வேலை வாங்கிக்கிறேன்" என்றார். அம்மா வெகுநேரம் யோசித்து, "நானும்… முப்பது வருஷம்… கட்டினேன்" என்றாள். உண்மைதான். பார்க்காத யாருக்காகவோ எல்லோரும் கட்டினோம். நான் அந்தப் பார்க்காத ஆட்களைப் பார்க்கிற வேலையில் இருந்தும், சரியாகப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்குகிற தொகையைக் குறைக்கப் போவதாகப் பத்திரிகையில் படித்தேன். ஐந்து நாள் மூன்று நாளாகலாம். ஆகட்டும், அப்போது பார்த்துக்கொள்வோம். முன்பு இந்தச் செய்தியைப் படித்திருந்தால் நல்லது என்றிருப்பேன். இப்போது உட்கார்ந்து பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன், முழுப் பேரும் பழைய பதவியும் போட்டு. பிரசுரித்தார்கள். அடுத்த நாள் பெயிண்டர் அந்தப் பக்கத்தோடு வீடு தேடி வந்துவிட்டார். எங்கள் முன்சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கேவலமா இருக்கு சார்" என்றார். அவருக்கும் எனக்கும் டீ போட்டேன். அம்மா சொல்வது சரி, நான் போடுகிற டீ வெந்நீர்தான். அவர் மரியாதைக்குக்கூட இன்னொரு டம்ளர் கேட்கவில்லை.

இப்போது உன் விஷயம். நீ வர வேண்டும் என்று எனக்கு இல்லையா? இத்தனை மாதமாக ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் 'வந்துவிடு' என்று சொல்ல வாய் வரும். அதை அமுக்கத்தான் 'நல்லா இருக்கோம்' என்று அவசரமாகச் சொல்வேன். அதனால் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே: வேலையை விட்டுவிட்டு வராதே. நாளைக்கே போய் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள். நீ வேலையை விட்டு வந்தால், உன் அம்மா தினமும் உன் முகத்தைப் பார்த்து, தன்னால் நீ இழந்ததைத் தேடிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்த வேலை வேண்டாம். ஜன்னலில் அவளுக்குப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது.

லீவு போட்டு வா. பத்து நாளோ, ஒரு வாரமோ, கிடைக்கிற அளவுக்கு. நேற்று அம்மாவிடம், குட்டி வந்தால் என்ன வேலை கொடுப்பாய் என்று கேட்டேன். பதில் வர நேரமானது. நான் எழுந்து போகவில்லை. இப்போதெல்லாம் எனக்கு எங்கேயும் அவசரமில்லை. "ஒண்ணும்… வேணாம்" என்றாள். அப்புறம், "பக்கத்துல… ஒக்காரட்டும்" என்றாள்.

அதனால் நீ வந்து எதையும் தூக்க வேண்டாம், துவைக்க வேண்டாம். எங்கள் மகளாகச் சும்மா வந்து உட்கார். அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிக்கும்வரை நாம் மூன்று பேரும் அந்த அறையில் இருக்கலாம்.

நீயும் உன் வீடும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

அப்பா